மேற்கோள் குறிக்குள் ஒரு மொழி: மலையகப் பேச்சுவழக்கின் தேய்வும் மீட்சியும்

ஒரு மொழி நலிந்தது என்று கூறும்போது நாம் பெரும்பாலும் அதனைப் பேசுவோரின் எண்ணிக்கையையே மனத்திற் கொள்கின்றோம். அவ்வெண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்வோமாயின், மலையகத்தில் மொழிப் பிரச்சினை என ஒன்று இல்லை என்றே முடிவுகட்ட வேண்டியிருக்கும். நுவரெலியா மாவட்டத்தின் தோட்டங்களிலே தமிழ் பேசப்படுகின்றது. பாடசாலைகளில் அதுவே போதனா மொழியாக விளங்குகின்றது. தொழிற்சங்க மேடையிலும் கோயில் திருவிழாவிலும் அதுவே ஒலிக்கின்றது. ஆயினும் அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் லயங்களிலே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உருப்பெற்று நிலைத்த ஒரு தனித்த பேச்சு, இன்று அதனைப் பேசுவோராலேயே மெல்ல மெல்லக் கைவிடப்பட்டு வருகின்றது. தமிழ் அழியவில்லை, தமிழின் ஒரு வடிவம் தேய்கின்றது. இத்தேய்வு புள்ளிவிபரங்களுக்குள் அகப்படாதது. இலக்கியத்தின் வழியாகவே இதனை ஓரளவேனும் கண்டுகொள்ளலாம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதனை விளக்கிக்கொள்ளத் தொலைவிலுள்ள ஓர் எடுத்துக்காட்டு உதவும். பசுபிக் சமுத்திரத்திலுள்ள குவாம் தீவு 1898இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது. தீவை ஆண்ட கடற்படை நிர்வாகம் 1917இல் ஆங்கிலத்தையே உத்தியோக மொழியாக்கி, தீவு மக்களின் தாய்மொழியாகிய சமோரோவைப் பேசுவதற்குத் தடை விதித்தது. 1922இல் பாடசாலை முற்றங்களிலும் அம்மொழி விலக்கப்பட்டது; அகராதிகள் திரட்டி எரிக்கப்பட்டன. ஆயினும் கவனிக்க வேண்டிய விடயம் வேறொன்று. தடையுத்தரவு நிலவிய காலத்திலும் வீடுகளில் சமோரோ நிலைத்தே நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், தம் பிள்ளைகள் பாடசாலையில் தண்டனை பெறக்கூடாது, நல்ல உத்தியோகம் பெறவேண்டும் என விரும்பிய பெற்றோர்களே வீட்டில் ஆங்கிலம் பேசத் தொடங்கினர். அரசாணையால் முடியாததைப் பெற்றோரின் அன்பு செய்து முடித்தது. 1974இல் சமோரோ மீண்டும் உத்தியோக மொழி என்ற தகுதியைப் பெற்றபோது, அதனைத் தாயிடமிருந்து கேட்டு வளராத ஒரு தலைமுறை ஏற்கெனவே தோன்றிவிட்டிருந்தது.

மலையகத்திலே எவரும் பேச்சைத் தடைசெய்யவில்லை. ஆயினும் தோட்டப் பேச்சு முதன்முதலில் நூல்வடிவம் பெற்ற முறையைச் சற்று நோக்குவோம். தோட்டத்துரைமார் தமிழ் பயில்வதற்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்ட கைநூல்களில் மிகப் பிரசித்தமானது பேர்குசன் வெளியிட்ட ‘இங்கே வா’ என்பதாகும். தலைப்பே ஒரு கட்டளை. 1915இல் வெளிவந்த வெல்ஸ் என்பாரின் நூலோ ‘கூலித் தமிழ்’ என்றே பெயர் சூடிக்கொண்டது. இந்நூல்களின் நோக்கம் துரையைத் தொழிலாளியோடு உரையாட வைப்பதன்று, ஏவ வைப்பது. ஒரு மக்கட் கூட்டத்தின் பேச்சு அச்சேறும்போதே ஏவல் வினையாக அச்சேறிய விந்தை வேறெங்கேனும் நிகழ்ந்திருக்கலாம். ஆயினும் இங்கு நிகழ்ந்தது நம் கவனத்துக்குரியது. இதற்கு முன்னரே, 1869இல், ஆபிரகாம் ஜோசப் என்பவர் பாடிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ வெளிவந்திருந்தது. கும்மி என்பது உழைக்கும் பெண்களுக்குரிய வடிவம். அவ்வடிவத்தை இந்நூல் கோப்பிப் பயிர்ச்செய்கையின் சிறப்பைப் பாடவே கையாண்டது. ஆக, பாட்டு வடிவமும் பேச்சும் எழுத்துக்கு வந்தன. பேசியவர்கள் எழுத்துக்கு வெளியிலேயே நின்றனர்.

ஆனால் லயத்துக்குள் நடந்தது வேறு. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் எனப் பல இடங்களிலிருந்து வந்த பல பேச்சுகள் ஒரே கூரையின் கீழ், ஒரு சுவர் இடைவெளியில் வாழ நேர்ந்தன. அவை ஒன்றோடொன்று உராய்ந்து ஒரு பொதுப் பேச்சாயின. அப்பொதுப் பேச்சு, தன்மீது திணிக்கப்பட்ட சொற்களையெல்லாம் தன் நாவுக்கேற்ப உருமாற்றிக்கொண்டது. அதிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் அணிவகுப்பு ‘பிரட்டு’ ஆயிற்று. அது நடக்கும் இடம் ‘பிரட்டுக்களம்’. வரிசை வீடு ‘லயம்’ ஆயிற்று. குதிரை கட்டும் லாயத்தின் நினைவும் அச்சொல்லில் கலந்திருக்கிறது என்று கூறுவாருளர். போர்த்துக்கேயரிடமிருந்து வந்த ‘காம்பரா’ நகரத்திலே வழக்கொழிந்த பின்னரும் லயத்திலே நிலைத்தது. ஓரத்து அறைக்குத் ‘தொங்கல் காம்பரா’ என்றும், குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்குப் ‘பிள்ளைக் காம்பரா’ என்றும் பெயராயிற்று. தொழிற்சாலை ‘ஸ்டோர்’, தேயிலை பயிராகும் நிலப்பகுதி வெறுமனே ‘மலை’, தோட்டத்தின் பிரிவு ‘கணக்கு’. மட்டக்கம்பு, நிரை, கவ்வாத்து, கான்வெட்டு, முள்ளுக்குத்து என்று தொழிலின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு சொல் உண்டு.

இவற்றுள் ஒரு சொல்லின் மீது சற்றே தரித்து நிற்க விரும்புகின்றேன். தோட்டத்திலே ஒரு நாள் வேலைக்கான பதிவு ‘பேர்’ எனப்படும். வேலை செய்தால் பேர் விழும். விதிக்கப்பட்ட றாத்தலுக்குக் குறைந்தாலோ நேரம் பிந்தினாலோ ‘அரைப்பேர்’. கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் பெயர் எழுதப்படுவதிலிருந்து பிறந்த சொல் இது. ஒரு மனிதன் தன் பெயரின் பாதியை இழந்து மாலையில் வீடு திரும்புகின்றான் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கவிஞன் எவனும் சொல்லிவிட முடியாது. இதனைச் சொன்னது கவிஞனல்லன். ஒரு சமூகத்தின் அன்றாடப் பேச்சு. இதனைப் பொதுத்தமிழில் ‘அரைநாட் சம்பளம்’ என்று பெயர்த்துவிட்டால் பொருள் தப்பிப் பிழைக்கும், அனுபவம் தப்பாது. ‘துண்டு’, ‘பற்றுச்சீட்டு’ போன்ற சொற்களும் இத்தகையனவே. தொழிலாளியின் கடனை எழுதி அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றிய துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. முறை போயிற்று, சொல் முதியோர் நினைவில் எஞ்சியது. அம்முதியோரோடு அதுவும் போய்விடும்.

இத்தனை வேற்றுமொழிச் சொற்கள் கலந்த பேச்சைத் தமிழ் என்று கொள்ளலாமா என்று கேட்போர் நம் பல்கலைக்கழகங்களிலேயே உளர். அவர்களுக்குச் சமோரோவையே மறுபடியும் காட்டலாம். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட ஸ்பானிய ஆட்சியில் அம்மொழி அளவிறந்த ஸ்பானியச் சொற்களை உள்வாங்கியது. எண்ணுப் பெயர்கள் கூட ஸ்பானியமாயின. ஆயினும் அதன் இலக்கண எலும்புக்கூடு மாறவில்லை என்று மொழியியலார் காட்டியுள்ளனர். பிரட்டும் காம்பராவும் தமிழ் வேற்றுமை உருபேற்றுத் தமிழ் வினையோடு முடிகின்றவரை அவை தமிழ்ச் சொற்களே. கலப்பினால் எப்பேச்சும் நலிவதில்லை, நாணத்தினாலேயே நலிகின்றது.

நாணம் கற்பிக்கப்பட்ட இடம் பாடசாலை. இதனைக் கசப்போடு கூற விரும்பவில்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. அக்கல்வி பெரும்பாலும் ஒரு மண்டபமும் ஓராசிரியரும் என்ற அளவில் நின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1970களின் பிற்பகுதியிலேயே விரைவு பெற்றது. இடையிற் பணியாற்றிய ஆசிரியர் பலர் வடக்கிலிருந்து வந்தவர்கள். அவர்கள் இல்லாவிடில் மலையகத்தில் ஒரு படித்த தலைமுறையே தோன்றியிராது. ஆனால் அவர்கள் கொண்டுவந்த நல்ல தமிழ் என்பது நூல் வழக்கும் யாழ்ப்பாண வழக்கும் சேர்ந்த ஒன்றாக இருந்தது. நான் கற்ற சிறு பாடசாலையொன்றிலே, ‘பேசுறோம்’ என்று சொன்ன மாணவன் ‘கதைக்கிறோம்’ என்று திருத்தப்பட்டான். இரண்டும் பேச்சுவழக்கே, ஒன்று மற்றொன்றைவிட இலக்கணச் சுத்தமானதன்று என்பதை அவனுக்குச் சொல்வார் எவருமிலர். அவன் வீட்டிற்கு ஒரு தமிழும் வகுப்பிற்கு ஒரு தமிழும் என்று பிரித்துக்கொண்டான். பின்னர் கொழும்பிலே கடைக்கோ வீட்டுவேலைக்கோ சென்றபோது மூன்றாவது தமிழொன்றையும் கற்றுக்கொண்டான். முதலாவதை மறைக்கவும் கற்றுக்கொண்டான்.

மலைநாட்டின் மையத்துக்கு வெளியே நிலைமை இதனினும் கடுமையானது. கேகாலை, காலி, மாத்தறை மாவட்டங்களின் சிதறிய தோட்டங்களிலே தமிழ்ப் பாடசாலை எட்டாத பிள்ளைகள் சிங்களப் பாடசாலைக்குச் சென்றனர். அங்கே தமிழே வீட்டு மொழி என்ற நிலையிலிருந்தும் இறங்கத் தொடங்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனக் கணக்கிட்டுப் பிரித்தது. நீலகிரியிலே 1968இல் தமிழக அரசு தாயகம் திரும்பியோருக்கெனத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்கு லயமும் பிரட்டும் கடல் கடந்து சென்றன. அங்கே அப்பேச்சைப் பேசியவர்கள் ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர். இங்கே இந்தியத் தமிழர், அங்கே சிலோன்காரர். பேச்சுக்கு ஓர் ஊர்ப்பெயர் தேவைப்பட்ட இரு இடங்களிலும் மற்ற ஊரின் பெயரே கிடைத்தது.

இனி வாய்மொழி இலக்கியத்துக்கு வருவோம். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு, காமன் கூத்துப் பாடல்கள் என விரியும் இம்மரபினைத் தொகுத்தளித்த பெருமை முதன்மையாக சி.வி. வேலுப்பிள்ளையைச் சாரும். 1914இல் வட்டகொடை மடக்கும்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகி, அடுத்த ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டத்தால் தம் மக்கள் நாடற்றோராக்கப்பட்டதைக் கண்ணெதிரே கண்டவர் அவர். அவருடைய ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே’ என்னும் நெடுங்கவிதை 1954இல் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது, சக்தீ அ. பாலையாவின் தமிழாக்கம் பின்னரே வந்தது. தப்பொலியோடு விடியும் தோட்டத்தின் காலை, தமிழுக்கு முன்பு ஆங்கிலத்திற் பதிவாயிற்று. இதனைக் குறையாகக் கூறுவாருமுளர். உலகின் காதுக்கு எட்ட வேண்டியிருந்ததால் உலகின் மொழியில் எழுதினார் என்பதே என் கணிப்பு. அவரே ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுதியை 1983இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டு மறைந்தார். சாரல்நாடனின் ‘மலையக வாய்மொழி இலக்கியம்’ அப்பணியைத் தொடர்ந்தது. இவ்விரு நூல்களும் இல்லாவிடில் இன்று நாம் பேசுவதற்கே பொருளில்லை.

எனினும் ஒன்று சொல்ல வேண்டும். தொகுப்பு என்பது மீட்சியன்று. சமோரோ மக்களிடையே வேலை செய்யும்போது ஒருவர் ஓரடி பாட, மற்றவர் அக்கணமே புனைந்து மறுமொழி பாடும் வழக்கம் இருந்தது. நம் தெம்மாங்குக்கும் அவ்வியல்பு உண்டு. அத்தகைய பாட்டின் உயிர் பாடலில் இல்லை, அடுத்த அடியைப் புனையும் ஆற்றலில் உண்டு. அச்சிட்ட பாடல் கடைசியாகப் பாடப்பட்ட பாடலாகவே நின்றுவிடுகின்றது. திரைப்பாடலும் வானொலியும் தெம்மாங்கை விரட்டின என்று பொதுவாகக் கூறப்படும் காரணத்தை நான் முழுமையாக ஏற்பதில்லை. கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள் 1940இல் வெளியிட்ட ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாடல் நூல், மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளையே கையாண்டு அவர்களைத் தொழிற்சங்கத்தின்பால் அழைத்தது. புதிய மெட்டுப் பழைய பேச்சைக் கொன்றுவிடவில்லை. பேசுவதற்கு ஏதேனும் இருந்தவரை பேச்சு மெட்டைத் தனதாக்கிக்கொண்டது.

புனைகதைத் துறையிலேதான் சிக்கல் தெளிவாகத் தெரிகின்றது. 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டம் நாமறிந்ததே. பேச்சுவழக்கை இலக்கியத்திற் புகுத்துவது இழிசனர் வழக்கைப் புகுத்துவதாகும் என்ற பண்டிதர் வாதத்தை முற்போக்கு எழுத்தாளர்கள் முறியடித்தனர். அவ்வெற்றியின் காற்று மலையகத்திலும் வீசியது. என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, 1971இல் வீரகேசரி வெளியிட்ட ‘கதைக்கனிகள்’ தொகுதி, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ என்னும் நாவல் ஆகியவற்றிலே கொழுந்து பறிக்கும் பெண்ணும் கங்காணியும் தத்தம் குரலிலேயே பேசினர். அதற்கு முன் அவர்கள் இலக்கியத்தில் பேசியதில்லை என்பதை எண்ணும்போது இது சிறிய சாதனையன்று. இராமையாவின் செவி நுட்பமானது. ஒரு பெண் தன் தன்மானத்துக்காகக் கூடையை நிரப்பும் அக்கதையில் உரையாடலை நீக்கினால் கதையே இல்லை.

ஆனால் இக்கதைகளின் பக்கங்களைப் புரட்டினால் பெரும்பாலும் ஓர் ஒழுங்கைக் காணலாம். மேற்கோள் குறிக்குள் வருவது தோட்டத்துத் தமிழ். மேற்கோள் குறிக்கு வெளியே வருவது பொதுத்தமிழ். பாத்திரம் அழும், ஏசும், கெஞ்சும், கேலி செய்யும்; சிந்திப்பதும் விபரிப்பதும் தீர்ப்புக் கூறுவதும் ஆசிரியனின் நூல் வழக்கில் நிகழும். மலையின் பனியை விபரிக்க நேர்ந்தால் அப்பனியிலே கம்பளியைத் தலையிற் போட்டு நின்றவளின் சொற்கள் போதா என்பது போல ஆசிரியன் தன் சொற்களை எடுத்துக்கொள்கின்றான். மரபுப் போராட்டத்தில் நாம் பெற்ற வெற்றி பாதி வெற்றியே. பேச்சுவழக்குக்கு நுழைவுரிமை கிடைத்தது. அது உட்காரக் கிடைத்த இடம் உரையாடல் என்ற வாயிற்படி. தோட்டத் தொழிலாளியாகவே வாழ்ந்து பாடிய குறிஞ்சித் தென்னவன் கூட மரபு யாப்பையும் செந்நெறிச் சொல்லையுமே நாடினார் என்பது, இப்படிநிலை எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்குச் சான்று. அவரைக் குறை கூறுவதற்கன்று இதனைக் கூறுவது. யாப்பறிவு அவருக்கு ஒரு தன்மானப் பிரகடனமாக இருந்திருக்க வேண்டும்.

இங்கேதான் என் வாதத்துக்கு எதிரான வலுவான வாதம் எழுகின்றது. தோட்டப் பேச்சு அடிமைத்தனத்தின் பேச்சு. அதில் ‘தொரைகளே’ என்ற குழைவும் சாதிப் படிநிலையின் விளிச்சொற்களும் கலந்துள்ளன. அதிலிருந்து வெளியேறுவதே விடுதலையின் ஒரு பகுதி. மொழிப் பற்றென்ற பெயரில் அதனைப் பிள்ளைகளின் நாவிற் கட்டிவைக்க நமக்கு என்ன உரிமை? லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவன் ஒருவன் இக்கேள்வியைக் கேட்பானாயின் அவனை எளிதில் மறுத்துவிட முடியாது. தப்பு என்ற வாத்தியத்தின் கதையும் இதுவே. அதனைச் சாதியிழிவின் அடையாளமாகக் கருதி அடிக்க மறுத்த இளைஞர் நியாயமாகவே மறுத்தனர். பின்னர் அதே தப்பைப் பிற இளைஞர் தம் அடையாளமாக ஏந்தினர். மறுத்தவரும் ஏந்தியவரும் தன்மானத்தின் பேராலேயே செய்தனர். இரண்டாவது கூட்டத்தாருக்கு ஒரு வாய்ப்பு இருந்தது: அடிக்காமலிருக்கவும் அவர்களால் முடியும். பேச்சுக்கும் இதுவே பொருந்தும் எனக் கருதுகின்றேன். பொதுத்தமிழைத் திறம்படக் கையாளும் ஒருவன் தன் தோட்டப் பேச்சைத் தெரிந்தெடுப்பது வேறு. வேறெதுவும் அறியாமையால் அதிலேயே அடைபட்டிருப்பது வேறு. முன்னதே மீட்சி. ஆகவே பாடசாலையிற் பொதுத்தமிழ் கற்பிப்பதற்கு நான் எதிரியல்லன். பொதுத்தமிழைக் கற்பிக்க வீட்டுத் தமிழை இழித்துரைக்க வேண்டியதில்லை என்றே கூறுகின்றேன். குழைவுச் சொற்கள் போகட்டும். ‘அரைப்பேர்’ ஏன் போக வேண்டும்?

அண்மைய ஆண்டுகளில் மீட்சியின் குறிகள் சில தென்படுகின்றன. 2023இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி சென்றபோது, முன்னோர் நடந்த பாதை மட்டுமன்றி அவர்கள் பாடிய பாட்டும் கூத்தும் நினைவுகூரப்பட்டன. மாசி மாதத்திலே காமன் கூத்து பல தோட்டங்களில் இளையோரின் பங்களிப்போடு ஆடப்படுகின்றது. இவற்றை வரவேற்கும் அதேவேளை ஒன்றை அவதானிக்க வேண்டும். கூத்து மேடைக்கு வந்துள்ளது. அறிவிப்பாளர் அதனை அறிமுகஞ் செய்யும் மொழி வேறாக உள்ளது. ஆடி முடித்த இளைஞன் ஒலிவாங்கியைப் பெற்று நன்றி கூறும் மொழியும் வேறாக உள்ளது. கதையிற் கண்ட மேற்கோள் குறி இங்கே மேடையின் விளிம்பாகியுள்ளது. குவாமிலே 2005இல் தொடங்கிய ஹூராவ் பயிலகம் முதலில் அகராதியையன்று, குழந்தைகளையே கவனித்தது: நாள் முழுவதும் சமோரோவிலேயே பேசி, பாடி, கண்டித்து, கொஞ்சும் சூழலை ஏற்படுத்த முயன்றது. மொழி பாடமாகாது சூழலாக வேண்டும் என்பதே அதன் அணுகுமுறை.

நம் சூழலில் எழுத்தாளனால் இயன்றது, கதை கூறுவோனைத் தோட்டத்தானாக்குவது. விபரிப்பு, நினைவு, தர்க்கம், நகைச்சுவை எல்லாம் அப்பேச்சிலேயே அமையும் ஒரு நாவலைக் கற்பனை செய்து பாருங்கள். கி. ராஜநாராயணன் கரிசற்காட்டுப் பேச்சில் கதைசொல்லியின் குரலையே அமைத்துக் காட்டிய பின்னர் இது இயலாது என்று எவரும் சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தால் இயன்றது இன்னும் எளிது: யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழின் ஒலியமைப்பை ஆராய்ந்த அதே கருவிகளோடு மலையகப் பேச்சையும் ஆராய்வது, வட்டகொடைக்கும் மஸ்கெலியாவுக்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு மாணவரை அனுப்புவது, முதியோர் இருக்கும்போதே அனுப்புவது.

அவ்வாறு சென்று திரும்பிய மாணவர் முதலில் எதிர்நோக்கும் இடர் எழுத்துக்கூட்டல் பற்றியதாகவே இருக்கும். ‘பிரட்டு’ என்பதா, ‘பெரட்டு’ என்பதா? ‘நிரை’யா, ‘நெரை’யா? ‘வந்துவிட்டது’ என்பதன் தோட்ட வடிவத்தை ‘வந்திருச்சு’ என்று எழுதுவதா, ‘வந்துருச்சி’ என்று எழுதுவதா? இன்றுள்ள மலையகக் கதைகளில் ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு விதமாக எழுதுகின்றனர். ஒரே ஆசிரியர் ஒரே கதையில் இரு விதமாக எழுதுவதும் உண்டு. குவாமிலும் அதன் வடக்கேயுள்ள தீவுகளிலும் சமோரோவை எழுதும் முறை இன்னும் வேறுபட்டே உள்ளது. அது குறித்து அங்கே ஆணைக்குழுக்கள் கூடி விவாதிக்கின்றன. நம்மிடையே அவ்விவாதத்தைத் தொடங்குவதற்கு, இவ்விதழைப் படிப்போருள் லயத்திலே வளர்ந்த நான்கைந்து பேர் ஒரு மாலைப்பொழுது கூடியிருந்தாலே போதும்.